சட்டமன்ற உறுப்பினரின் கழுத்தளவு

அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் தேர்தலில் தோற்றவர்களுடைய குரல், ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலைக்குள் அவருடைய தொண்டைக்கு வந்து சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அவருடைய சட்டைக் காலரை ஒரு விரற்கடை பெரிதாக்கித் தைக்க வேண்டியிருந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர்களும் இல்லை, எதிர்க்கட்சிக்காரர்களும் இல்லை, அவருடைய மனைவி. அவள் தையற்காரி. கணவன் எம்.எல்.ஏ. ஆன பிறகும் கடைவீதி வீட்டின் முன்கட்டிலிருந்த தன் தையல் கடையை அவள் மூடவில்லை. பதவி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும், நல்ல மிஷினை எதற்குத் துருப்பிடிக்க விட வேண்டும் என்பது அவள் கட்சி. பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரி நர்ஸுகளின் கோட்டு, கணவனின் வெள்ளைச் சட்டை எல்லாம் அவள் கையால் தைத்ததுதான். எந்நேரமும் பல்லிடுக்கில் நாலைந்து குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். அதனால் அவள் பேச்சில் லேசாக ஒரு சீழ்க்கை கலந்திருக்கும். இனிமையான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எத்தனை பேர் பேசுகிற இடத்திலும் இது தையல்கார அக்கா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கணவர் அரசியலுக்கு வந்ததே ஒரு விபத்து. அதற்கு முன்னால் மைக்செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் அவர்தான் ஒலிபெருக்கி கட்டுவார். தலைவர்கள் வருவதற்கு முன்பு மேடையில் ஏறி, ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு என்பார். கீச்சுக் குரல். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசச் சொல்லி அவரை யாரும் கேட்டதில்லை. ஒரு தேர்தலில் கட்சி நிறுத்துவதாக இருந்த ஆள், மனு கொடுக்கிற அன்றைக்குப் பார்த்து எதிர்ப்பக்கம் தாவிவிட்டார். கட்சிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில், மேடையோரம் குந்தி வயரைச் சுற்றிக்கொண்டிருந்த இவர் பட்டார். சும்மா பேருக்கு நில்லுங்கள், டெபாசிட் போனால் போகட்டும் என்றார்கள். எதிரே நின்றவர் ஒரு வக்கீல். சும்மா சொல்லக்கூடாது, வெண்கலக் குரல். அவர் கோர்ட்டில் வாதாடினால் எதிர்ச் சாரி டீக்கடையிலிருப்பவர்கள் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். எனக்கெதற்கு மைக் என்று ஊர் ஊராகப் பேசித் தீர்த்தார். பேசிப் பேசியே ஜனங்களுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. மைக்செட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். கூடுதலாக வாங்கிய ஓட்டுக்காரர்களை எல்லாம் இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான். ஆனால் வெற்றி வெற்றிதானே.

மறுநாள் வக்கீலுக்குப் பேச்சு வரவில்லை. பிரசாரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தொண்டை பிறகு திறக்கவே இல்லை. ஜெயித்தவரை ஓட்டு எண்ணிய இரவே கட்சிக்காரர்கள் தலைநகருக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். பத்து நாள் கழித்துப் புது உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் எடுத்ததை வானொலியில் ஒலிபரப்பினார்கள். தையல் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த மனைவி அதைக் கேட்டாள். அவர் பெயரைச் சொன்னார்கள், பிறகு வெண்கலக் குரல் ஒன்று உறுதிமொழி படித்தது. ஆள் மாறிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஊருக்குத் திரும்பி வந்தவர் வாசலில் நின்று அதே வெண்கலக் குரலில் தண்ணீர் கேட்டார். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு டேப்பை எடுத்து அவர் கழுத்தை அளந்தாள். காலர் இறுக்கிப் பிடித்து தோலில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. காலரைப் பிரித்து உட்கார்ந்து பெரிதாக்கினாள். அன்றைக்கு அவளுக்குப் பயம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது தேர்தலில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை நின்று தோற்றார். மூன்றாவதில் காய்கறிச் சந்தையின் ஏலக்காரர். இரண்டு முறை கட்சி மாறினார் உறுப்பினர். ஒருமுறை பொதுப்பணித் துறை மந்திரியாகவும் கொஞ்ச காலம் இருந்தார். கட்சி மாறினாலும், மந்திரி பதவி பறிபோனாலும், மழை பெய்தாலும் பொய்த்தாலும், தேர்தல் என்று வந்தால் அவர்தான் ஜெயித்தார். தொண்டையும் நிறைந்துகொண்டே வந்தது. கமிஷன் விசாரணை என்றால் வக்கீலின் குரலில் பேசுவார். அதிகாரிகளைக் கண்டிக்க வேண்டுமென்றால் தலைமையாசிரியை வருவார், ஐம்பது வயது இன்ஜினியர்கள் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். ரோடு காண்டிராக்ட் பேசும்போது ஏலக்காரர். நாலாவது, ஐந்தாவது தேர்தலில் நின்று டெபாசிட் இழந்த சுயேச்சைகளின் குரலெல்லாம் இருமலும் தும்மலுமாக வெளியே போயிற்று. தெரிந்திருந்தும் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டால், தேர்தலில் நிற்கிற யாரும் தோற்கப்போகிறோம் என்று நினைத்து நிற்பதில்லையே. அது மற்றவர்களுக்கு நடப்பது. வக்கீல் பத்திரம் எழுதிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். தலைமையாசிரியை விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். ஏலக்காரருக்குத்தான் பிழைப்பே போய்விட்டது, வாயில்லாமல் என்ன ஏலம் விடுவது? உறுப்பினர் இரக்கப்பட்டு அவரைத் தன் அலுவலகத்திலேயே டீ வாங்கவும் கடிதம் கொண்டுபோகவும் வைத்துக்கொண்டார். பார்த்தீர்களா, எதிரிக்குக்கூடச் சோறு போடுகிறார் என்று ஊர் மெச்சியது. ஏலக்காரர் டீ கிளாஸை வைக்கும்போது, உள்ளே நாற்காலியிலிருந்து தன் குரல் யாருக்கோ விலை சொல்வதைக் கேட்பார். கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வீட்டில் இது அவ்வளவு சுலபமாக இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்தால் வாய் லேசாகத் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பவர்கள் சண்டை பிடிக்க ஆரம்பிப்பார்கள். வக்கீல் ஆட்சேபிப்பார், தலைமையாசிரியை வாயை மூடு என்பார், ஏலக்காரர் ஒரு தரம், இரண்டு தரம் என்று எதையோ விற்றுக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் அந்தக் களேபரத்துக்கு நடுவே கீச்சுக் குரலும் கேட்கும். போகப் போக அது காணாமல் போயிற்று. மனைவி மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள், கட்டிக்கொண்ட ஆளை அந்தக் கூட்டத்தில் தேடுவாள். அவளுக்கு மனசு கனத்துப் போகும். அவரோடு கல்யாணமான புதிதில் அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். இப்போது கூப்பிட்டால் ஒரு சபையே திரும்பிப் பார்த்தது.

ஆனாலும் அந்த ஊரில் அவரிடம் மறுத்துப் பேச ஒரு குரல் மிச்சம் இருந்தது. அவளுடையதுதான். சட்டை அளவாகட்டும், சட்டசபை விவகாரமாகட்டும், பிடிக்கவில்லை என்றால் குண்டூசியைக் கடித்தபடி இல்ல என்பாள். விளக்கமெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரி நிலத்தை விற்க மசோதா கொண்டுவந்தார்கள். உறுப்பினர் முதலில் வக்கீலின் குரலில் அவளுக்கு நியாயம் சொன்னார், பிறகு தலைமையாசிரியையின் குரலில் அதட்டினார், கடைசியில் ஏலக்காரரின் குரலில் அவளுக்கு ஒரு புது மிஷின் வரைக்கும் பேரம் பேசிப் பார்த்தார். அவள் நர்ஸ் கோட்டுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டே இல்ல என்றாள். ஓட்டெடுப்பு அன்று அவர் வயிற்று வலி என்று வீட்டோடு படுத்துவிட்டார். ஒரே ஓட்டில் மசோதா தோற்றது. ஊருக்கு ஆஸ்பத்திரி இருந்ததற்குக் காரணம் அந்த ஒற்றை வார்த்தைதான். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தேர்தலில் மனு போடுகிறவர்கள் மாற்று வேட்பாளர் என்று ஒருவரை வைத்துக்கொள்வது வழக்கம். மனுவில் ஏதாவது பிசகு என்று அதிகாரி தள்ளிவிட்டால் தொகுதி கைநழுவிப் போகக் கூடாது, அதற்காகத் தன் ஆள் ஒருவரை இன்னொரு மனு போடச் சொல்வார்கள். நம் மனு ஏற்கப்பட்டுவிட்டால், வாபஸ் வாங்கக் கடைசி நாள் பகல் மூன்று மணிக்குள் மாற்றுக்காரர் விலகிக்கொள்ள வேண்டும். வெளியாளைப் போட்டால் விலகாமல் முறுக்கிக்கொள்வான், அதனால் அநேகமாகப் பெண்டாட்டியைத்தான் போடுவார்கள். முதல் தேர்தலிலிருந்தே அவள்தான் மாற்று வேட்பாளர். உதவியாளர் தாளை நீட்டுவார், இங்க ஒரு கையெழுத்து அண்ணி, இங்க ஒண்ணு என்பார். அவள் மிஷின் பலகையில் வைத்தே போட்டுக்கொடுப்பாள். வாபஸ் கடிதத்திலும் அப்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஐந்து தேர்தலாக நடந்த காரியம், யாரும் அதைப் பற்றி இரண்டாம் தரம் யோசித்ததில்லை.

ஆறாவது தேர்தலில் வாபஸ் நாளன்று கட்சித் தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதாக ஆயிற்று. உதவியாளருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடிதத்தை ஏலக்காரர் கையில் திணித்து, கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினார். ஏலக்காரர் தேர்தல் அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே போகச் சொன்ன பியூனிடம் தலையை ஆட்டினார், நகரவில்லை. மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். அவர் எழுந்து வந்து தையல் கடை வாசலில் நின்றார், கடிதத்தை எடுத்து அவளுடைய மிஷின் பலகைமேல் வைத்தார். அப்புறம் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதினார். அவள் அதைப் படித்தாள்.

"உங்களுக்காகவாவது இந்தத் தடவை அவர் தோத்துடுவார்னு நெனச்சேம்மா. தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க."

அவளுக்குக் கோபம் வர வேண்டிய நேரம். வந்ததென்னவோ பயம்தான். கையிலிருந்த சீருடையின் தையல் கோணலாகப் போனது, பிரித்து மறுபடி போட்டாள், மறுபடி கோணியது. மாலையில் அதிகாரி சின்னம் ஒதுக்கினார். அவளுக்குத் தையல் மிஷின் சின்னம் கிடைத்தது.

உறுப்பினர் செய்தி கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்தார். அவருடைய மனுவை வாபஸ் வாங்கவும் நேரம் தாண்டிவிட்டது. ஒன்று அவர் தோற்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஊமையாக வேண்டும். மூன்றாவது வழி இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுதியிலிருந்து ஓடி வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் மகளின் தலையில் கைவைத்து, நான் தோற்றுவிடுகிறேன் என்றார். வக்கீலின் குரலில்தான் சொன்னார், அதுதான் மனைவிக்கு உறுத்தியது. ஆனாலும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர்.

தோற்பது அவர் நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. ஜீப்பில் ஏறி, எனக்குப் போடாதீர்கள் என்று சொல்ல வாயெடுப்பார். உள்ளே இருந்து ஏலக்காரர் முந்திக்கொள்வார், தெருவே கைதட்டும். தொண்டையைக் கட்டிவிடலாம் என்று ஐஸ் தண்ணீராகக் குடித்துப் பார்த்தார், ஒன்று கட்டினால் இன்னொன்று பேசியது. அவளும் தெருத் தெருவாகப் போனாள். ஓட்டுக் கேட்கத்தான் போனாள், ஆனால் கேட்க மறந்துவிடுவாள். இனிமேல் பேச முடியாமல் போனால் என்று நினைத்தோ என்னவோ, கண்டவர்களோடெல்லாம் பேசினாள். வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த நாத்தனார் வீட்டுப் படியேறி, பழைய சண்டை ஒன்றை உட்கார்ந்து ஆற அமரப் போட்டு முடித்துவிட்டு வந்தாள். காய்கறிக்காரியிடம் விலை பேசினாள், வாங்கவில்லை. மகளுக்கு அவள் பிறந்த கதை, பல் முளைத்த கதை எல்லாம் சொன்னாள். அத்தனை பேச்சிலும் குண்டூசிச் சீழ்க்கை இருந்தது. ஜனங்கள் அவளை அன்பாகத்தான் நடத்தினார்கள். பாவம் தையல்கார அக்கா என்றார்கள். ஆனால் ஓட்டு என்று வந்தால் கை எங்கே போகும் என்பது பழகிப்போன விஷயம், வீட்டுக்குப் போகிற மாட்டுக்கு வழி சொல்ல வேண்டுமா?

கடைசிப் பொதுக்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. மைதானம் கொள்ளாத கூட்டம். அவள் மேடைக்குப் போகாமல், ஒலிபெருக்கி கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் மகளோடு நின்றாள். அவர் மைக்கைப் பிடித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. உள்ளே இருக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு அடியில் கிடந்த எதையோ அவர் மேலே இழுப்பது அவளுக்குப் புரிந்தது. அப்புறம் அது வந்தது. கீச்சென்று, மெல்லிசாக, இருபது வருஷமாக அவள் கேட்காத குரல்.

"என் சம்சாரம்... தையல் மிஷினுக்கு..."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் அந்தக் குரல் ஜனங்களுக்கு வேறு விதத்தில் பழக்கம். கூட்டம் தொடங்கும் முன்பு கேட்கும் குரல் அது. மைக் டெஸ்டிங் நடக்கிறது என்று நினைத்து அவரவர் பக்கத்திலிருந்தவரோடு பேச ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் ஒருவன், டெஸ்டிங்கெல்லாம் போதும், தலைவரப் பேசச் சொல்லுங்கப்பா என்றான். நாலு பேர் சிரித்தார்கள், சிரிப்பு பின் வரிசைவரை போயிற்று. மேடையிலிருந்தவர் முகம் மாறியது. ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு எச்சிலை விழுங்கினார். உள்ளே இருந்தவர்கள் அவரை அமுக்கவில்லை, அவள் கண்ணெதிரே பார்த்துக்கொண்டுதான் நின்றாள், அவராகத்தான் விழுங்கினார். அடுத்த வார்த்தை வெண்கலமாக வந்தது. மைதானம் ஆரவாரித்தது. அதன்பின் ஒரு மணி நேரம் அவர் பேசிய பேச்சு அவருடைய அரசியல் வாழ்க்கையிலேயே சிறந்தது என்று இப்போதும் சொல்கிறார்கள். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனாள். வழியில் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள்.

அதுவரை அந்தத் தொகுதி காணாத வித்தியாசத்தில் ஜெயித்தார். அவளுக்கு விழுந்த ஓட்டெல்லாம் ஒரு ஆட்டோவில் அடங்கும். மறுநாள் காலை மகள் அம்மா என்று கூப்பிட, அவள் வாயைத் திறந்தாள், காற்றுகூட வரவில்லை. மகள் அழுத அழுகையில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. உறுப்பினர் அறையிலிருந்து வெளியே வந்தார். ஏதோ ஆறுதல் சொல்ல நினைத்திருப்பார் போலிருக்கிறது. அழாதம்மா என்றார். குண்டூசியைக் கடித்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அழுகையை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் மனைவி டேப்பை எடுத்து அவர் கழுத்தை அளந்தாள். நூலளவுதான் கூடியிருந்தது. தன் குரல் இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

எதற்கும் ஊர் பழகிவிடும். புதுக் குரல் உறுப்பினருக்கு மிகவும் கைகொடுத்தது. மகளிர் கூட்டங்களில் அந்தக் குரலில் பேசினால் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள், நம்ம அக்காவே பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் அவரே பேசினார். சாப்பாட்டில் உப்புச் சரியா இருக்கா என்று அவள் குரலில் கேட்டுக்கொள்வார், தேவலை என்று வக்கீலின் குரலில் பதில் சொல்வார். முதலில் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பிறகு அதுவே சௌகரியமாகிவிட்டது. ஆஸ்பத்திரி நில மசோதா மறுபடியும் வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் அவர் மனைவியிடம் அபிப்பிராயம் கேட்டார். "சரிங்க, உங்களுக்குத் தெரியாததா," என்றது அவர் வாயிலிருந்த அவள் குரல். எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் ஒருநாளும் அவரிடம் சரிங்க என்று சொன்னதில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் மிஷினை மிதித்தாள், துணியில்லாமல் வெறுமனே மிதித்தாள், அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழக்கூடாதென்று மிதித்தாள். மசோதா நிறைவேறியது. வருஷ முடிவில் ஆஸ்பத்திரியின் மேற்குக் கட்டடத்தை இடித்தார்கள். நர்ஸ் கோட்டு தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

இதற்கிடையில் மகளுக்கு வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்தது. தெளிவான குரல், அம்மாவுடைய சீழ்க்கை ஒரு துளி அதில் இருந்தது. தினமும் பகல் செய்திக்கு மனைவி கடையில் வேலையை நிறுத்திவிட்டு வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் கேட்கக்கூடிய குரலாக அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த நேரத்தில் உறுப்பினரும் வீட்டிலிருந்தால் வாசற்படியில் வந்து நின்று கேட்பார். அவருடைய தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கும், பசியோடு சமையலறை வாசலில் நிற்பவனுக்கு இறங்குகிற மாதிரி. உள்ளே இருப்பவர்களும் அப்போது சத்தமில்லாமல் கேட்பார்கள். அவள் அதைக் கவனித்திருந்தாள்.

ஏழாவது தேர்தல் வந்தது. உதவியாளர் மனுத் தாள்களோடு வீட்டுக்கு வந்தார். மகளும் விடுமுறையில் வந்திருந்தாள். உறுப்பினரின் தாளில் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, மாற்று வேட்பாளருக்கு யார் பெயர் போடுவது அண்ணே என்று உதவியாளர் இழுத்தார். அப்புறம் உறுப்பினர் வாயைத் திறந்தார்.

"நம்ம பொண்ணு பேரையே போடுங்க," என்றது அவள் குரல். "கடைசி நாள்ல வாபஸ் வாங்கிக்கலாம்."

அவர் வேண்டுமென்று சொன்னாரா, உள்ளே இருந்தவர்கள் துணைக்கு ஆள் தேடிச் சொன்னார்களா, அவருக்கே தெரிந்திருக்காது. மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் சொன்னது அம்மாவின் குரல். சின்ன வயதிலிருந்து சாப்பிடு, தூங்கு, எழுந்திரு என்று சொல்லி வளர்த்த குரல். கை தன்னால் நீண்டு பேனாவை வாங்கியது. மிஷின் சத்தம் நின்றது. மனைவி எழுந்து வந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயரை எழுதினாள். மாற்று வேட்பாளர் என்று இருந்த இடத்தை அடித்தாள். வாபஸ் கடிதத்தை நாலாகக் கிழித்து, பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். உறுப்பினரின் முகத்தில் ரத்தமே இல்லை. வேண்டாம் என்றார். கீச்சுக் குரல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, வேண்டிய இடத்தில்தான் வரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவர் ஏன் பயந்தார் என்று ஊருக்கு அப்போது விளங்கவில்லை. ஊமைக்கு இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவளோ தையற்காரி. கொடுத்த துணியில்தான் சட்டை வரும், அது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரசாரத்துக்கு அவள் போகவே இல்லை, கடையில் உட்கார்ந்து சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அத்தனை கூட்டத்திலும் அத்தனை குரலும் வந்தது, அவள் குரல் உட்பட. தோற்றுப்போகலாம் என்று இந்தத் தடவை அவர் நிஜமாகவே ஆசைப்பட்டிருக்கலாம், யார் கண்டது. ஓட்டுப்போடும் நாளன்று அவள் வரிசையில் நின்று உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் ஓட்டை அவருக்குப் போட்டாள். ஏலக்காரரும் வக்கீலும் தலைமையாசிரியையும் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவர்களும் அவருக்கே போட்டார்கள்.

ஏழாவது முறையாக அவர் ஜெயித்தார். அவளுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. மறுநாள் மாலை வெற்றி விழா மேடையில் மாலை போட்டு மைக்கை நீட்டினார்கள். வாயைத் திறந்தார். ஐந்து வருஷமாக அவள் வைத்திருந்ததெல்லாம், தோற்றவளிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்திருந்ததெல்லாம், ஒலிபெருக்கி வழியே வெளியே வந்தது. மைதானம் முழுக்க அந்த மௌனம் கேட்டது. கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. கடைத்தெருவில் தராசுகூட அசையாமல் நின்றது. எங்கோ வயர் பிடுங்கிக்கொண்டது என்று ஒருவன் மேடைக்கு அடியில் புகுந்து பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் பழக்கதோஷத்தில் கைதட்டியது.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. சட்டசபையில் ஆதரிப்போர் ஆம் என்று சொல்லவும் என்றால் வாயைத் திறந்து மூடுவார், ஆதரித்ததாகக் குறித்துக்கொள்வார்கள். எட்டாவது தேர்தலிலும் ஜெயித்தார், ஒன்பதாவதிலும் ஜெயித்தார், அமைதியான மனிதர் என்று பெயரெடுத்தார். அவரிடம் தோற்றவர்களுக்கு அதன்பின் ஒன்றும் ஆகவில்லை, உள்ளே போக வழியில்லை போலிருக்கிறது. அவள் கடைசியாக அளந்த காலர் அளவு அப்படியே நிற்கிறது. மகள் பகல் செய்தி வாசிக்கிறாள். ஆஸ்பத்திரியில் கிழக்குக் கட்டடம் மட்டும் இருக்கிறது, மேற்கே போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் சட்டையில்லாமல் சாய்ந்திருப்பார். தோற்றவர்கள் வருவார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வந்த வரிசைப்படி அவர் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பார்கள். முதலில் வக்கீல், பிறகு தலைமையாசிரியை, பிறகு ஏலக்காரர். கேட்கும்போது ஏலக்காரரின் உதடு விலை சொல்லி அசையும். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தெருவில் யாரும் இதை எட்டிப் பார்ப்பதில்லை, எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வருவதுதானே. எல்லோரும் போன பிறகு அவள் குனிந்து காதை வைப்பாள். அவர் அசையாமல் இருப்பார். சண்டையும் ஏலமும் ஆட்சேபணையும் தாண்டி, அடியில் எங்கோ கீச்சுக் குரல் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே, பல்லில் குண்டூசியைக் கடித்தபடி, அவள் குரல் இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவள் முழுக்கக் கேட்பாள். பிறகு எழுந்து டீ கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போடுவாள்.